ஜோடி கேட்டுப் போனவர்

மந்திரி மைரன் கோஸ்ட்யுக், லோர்ன் ஹாகனின் அறைக்கதவைத் தட்டக் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். நெடுஞ்சாலைத் துறையையே கட்டி ஆளுகிற மனுஷன், ஒரு மரக்கதவைத் தட்டத் திராணி இல்லாமல் நின்றார். உள்ளே இருந்த எதிர்க்கட்சிக்காரருக்கு அவர் செய்து வைத்திருந்த காரியம் அப்படிப்பட்டது.

வந்தது மனைவிக்காக. நாளைக் காலை வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாடியாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். நாளை மத்தியானமே சட்டசபையில் பட்ஜெட் மீது ஓட்டெடுப்பு. இரண்டு பக்கமும் தலைக்குத் தலை சமம். மைரன் சபைக்கு வராவிட்டால் ஆட்சி கவிழும். வந்தால் நாடியா கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒரு நாதியும் இருக்காது. எதிர்ப்பக்கத்தில் யாராவது ஒருவர் அவருக்கு ஜோடியாக வெளியே நின்றால்தான் இரண்டும் பிழைக்கும்.

ஜோடி என்பது அந்தச் சபையின் பழைய வழக்கம். ஒருவருக்குச் சாவோ நோயோ வந்தால், எதிர்ப்பக்கத்தில் ஒருவரிடம் போய் ஜோடி கேட்பார். அவர் சரி என்றால் இரண்டு பேருமே ஓட்டுப் போட மாட்டார்கள், கணக்கு மாறாது. தாள் கிடையாது, கையெழுத்து கிடையாது. கை குலுக்கினால் முடிந்தது. சபைக்குள் ஒருவர் குடலை ஒருவர் உருவுகிறவர்கள்கூட இந்தக் கைகுலுக்கலை மீறியதில்லை. மீறியவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் இப்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

அது நடந்து சில வருஷம் ஆகிறது. அப்போது மைரன் பின்வரிசையில் தேய்ந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஊர் முழுக்கப் பழக்கமான முகம், தேர்தலில் நின்றார், ஜெயித்தார், ஜெயித்துக்கொண்டே இருந்தார். அறுவடை முடிந்து சர்ச்சுகளில் விருந்து வைக்கும் காலத்தில், ஒரே சாயங்காலம் மூன்று ஊரில் வான்கோழி தின்று, மூன்று ஊரிலும் “இந்த மாதிரி கிரேவி நான் வேற எங்கயும் சாப்பிட்டதில்ல” என்று கூசாமல் சொல்வார். தொண்ணூறு வயதானவர்களுக்கெல்லாம் வாழ்த்துப் பத்திரம் கொண்டுபோய்க் கொடுப்பார். எல்லாம் செய்தும் மந்திரி பதவி மட்டும் பக்கத்து நாற்காலிக்குப் போனது, முன் நாற்காலிக்குப் போனது, இவரிடம் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் லோர்ன் வந்து ஜோடி கேட்டார். அவர் மனைவி ஆஸ்ட்ரிடுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன். இரண்டு பேரும் கேன்டீனில் ருபார்ப் பை என்கிற புளிப்புப் பலகாரம் தின்றுகொண்டே கை குலுக்கினார்கள். சபைக்கு வந்திருந்தது சிற்றூர் ஆஸ்பத்திரிகளை மூடும் மசோதா. மூடப்போவதில் லோர்னின் ஊரான நோர்டால் ஆஸ்பத்திரியும் ஒன்று. தன் ஊர் ஆஸ்பத்திரிக்காக ஓட்டுப் போட வேண்டியவர், மைரன் கையை நம்பி மனைவியோடு போனார்.

ஓட்டெடுப்பு அன்று பனிப்புயல். ஆளுங்கட்சியில் இரண்டு பேர் வழியில் மாட்டிக்கொண்டார்கள். கட்சிக் கொறடா கோரின், மைரனின் அறைக்கு ஓடிவந்தாள்.

“உள்ள வாங்க மைரன். ஒரு ஓட்டு இடிக்குது.”

“நான் லோர்னுக்கு ஜோடி. கை குடுத்திருக்கேன்.”

“குடுத்த கைய நான் என்ன வெட்டவா சொன்னேன்? ஓட்டுக்கு எழுந்து நில்லுங்க, உட்காருங்க, அவ்வளவுதான். உங்களைப் பத்தி முதல்வர் கேட்டுட்டே இருக்கார்.”

அந்தக் கடைசிப் பேச்சு போதுமானதாக இருந்தது. மைரன் உள்ளே போனார், எழுந்து நின்றார், உட்கார்ந்தார். மசோதா ஒரு ஓட்டில் நிறைவேறியது. பனி உருகுவதற்குள் மந்திரி பதவி வந்தது. அந்த ஓட்டோடு ஜோடி வழக்கமும் செத்தது. எதிர்க்கட்சியில் யாரும் ஆளுங்கட்சிக்காரருக்குக் கை நீட்டுவதில்லை.

ஆஸ்ட்ரிட் அந்த ஆபரேஷனில் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் திடீரென்று ரத்தம் கொட்டியது. நோர்டால் ஆஸ்பத்திரி ஜன்னல்களில் அப்போது பலகை அடித்திருந்தது. ஆம்புலன்ஸ் பக்கத்து நகரத்துக்குப் புறப்பட்டு, பாதி வழியில், பனி மூடிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. அங்கேயே முடிந்துபோனாள். ஊரில் ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு டாக்டர் சொன்னார். மைரன் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினார். தூங்கினார் என்பதுகூடப் பொய்தான். சாவுக்குப் போயிருந்தபோது லோர்ன், “வந்ததுக்கு நன்றி” என்றார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் மைரனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஒருவழியாகத் தட்டினார்.

“வாய்யா மந்திரி,” என்றார் லோர்ன், சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே. “ரொம்ப நேரமா வாசல்ல பூட்ஸ் சத்தம் கேக்குது. கதவைத் திறக்கவும் சட்டம் போடணுமோன்னு பார்த்துட்டு இருந்தேன்.”

மைரன் சிரிக்க முயன்றார், வரவில்லை. “நாடியாவுக்கு...”

“தெரியும். நாளைக்குக் காலைல. வால்வு. எங்க கட்சில எத்தனை பேர்கிட்ட கேட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

“எல்லாரும் என்ன சொன்னாங்க?”

“ஒருத்தன் கதவைச் சாத்திட்டான். ஒருத்தி சிரிச்சா.”

“கடைசியா என்கிட்ட வந்திருக்க.”

“முதல்லயே உன்கிட்ட வர எனக்கு மூஞ்சி இல்ல லோர்ன். அன்னைக்கு நான் பண்ணினது... ஆஸ்ட்ரிட் விஷயத்துல நான்...”

“நிறுத்து.” லோர்ன் சாண்ட்விச்சை வைத்துவிட்டார். “அவ பேரை எடுக்காத. சாவுக்கு வந்தியே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் காரிடார்ல எதிரும் புதிருமா நடந்தோம், அப்பச் சொல்லியிருக்கலாம். இன்னைக்கு உனக்கு என்கிட்ட ஒண்ணு ஆகணும். காரியம் ஆகணும்கறப்போ வர்ற மன்னிப்பு எனக்கு வேண்டாம்.”

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் மைரனைக் கொன்றது. இனி எப்போது மன்னிப்புக் கேட்டாலும் இந்த நாளின் அழுக்கு அதில் ஒட்டியிருக்கும்.

லோர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கார்கள் மீது பனி ஏறிக்கொண்டிருந்தது.

“கண் முழிக்கிறப்போ யாராவது பக்கத்துல இருக்கணும்,” என்றார். “ஆஸ்ட்ரிட் முழிச்சப்போ நான் இருந்தேன். அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். போ. நாளைக்கு நான் சபைக்குள்ள கால் வைக்க மாட்டேன்.”

“உங்க ஆளுங்க உன்னைக் கிழிச்சிடுவாங்களே.”

“கிழிக்கட்டும்.”

மைரன் பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டிவிட்டார். லோர்ன் அந்தக் கையைப் பார்த்தார்.

“கையெல்லாம் வேண்டாம் மைரன். என் சொல்லு போதும்.”

நீட்டிய கையை மடக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மைரன் படி இறங்கினார். இருட்டுவதற்குள் வடக்கே கிளம்பினார். அது அவர் துறைச் சாலை. ஆஸ்ட்ரிட் போன சாலையும் அதுதான். எந்த வளைவில் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அதனால் ஒவ்வொரு வளைவும் அந்த வளைவாகவே தோன்றியது.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது கோரின் கூப்பிட்டாள்.

“பிழைச்சோம்! ரெண்டு பக்கமும் சமமா வந்து, சபாநாயகர் நம்ம பக்கம் ஓட்டுப் போட்டார். ஹாகன் வரவே இல்ல! அவங்க ஆளுங்க அவனைத் துரோகின்னு கத்துறாங்க, கட்சியை விட்டே தூக்கிடுவாங்க போல. மைரன், பெரிய கில்லாடி நீங்க! அதே ஆள ரெண்டாவது தடவையும் கவுத்திட்டீங்களே, எப்படி?”

“நான் கவுக்கல கோரின்.”

“சரி சரி, வெளிய சொல்ல மாட்டேன்,” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நாடியா கண் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு அவரை.

“இன்னைக்கு ஓட்டு இல்ல?”

“இருந்துச்சு.”

“கவுந்துடுச்சா?”

“இல்ல. ஜோடி கிடைச்சுது.”

“உனக்கா? யார் குடுத்தா?”

நாடியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஆஸ்ட்ரிடும் எத்தனையோ குளிர்காலம் ஒரே அணியில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆடியவர்கள்.

“லோர்னா?” என்றாள். மைரன் தலையாட்டினார். அவள் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது.

“அந்த மனுஷன்கிட்டப் போய்க் கேக்க உனக்கு எப்படி வாய் வந்துச்சு?”

“நீ முழிக்கிறப்போ நான் பக்கத்துல இருக்கணும்னு...”

“இருக்கியே,” என்றாள் நாடியா, கண்ணை மூடிக்கொண்டே. “இப்ப நான் அவனை எந்த மூஞ்சியோட பார்ப்பேன்?”

அவள் கையைப் பிடித்துக்கொள்ள மைரன் தன் வலது கையை எடுத்தார். லோர்ன் தொட மறுத்த அந்தக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவள் தூங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.