விஜயகுமாரி எழுதாத மூன்று வரிகள்

ஹேமலதா பஸ் ஸ்டாப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"விஜயகுமாரி வீட்ல நேத்து சாயந்திரம் பெரிய கலாட்டாடி. ஆர்குட்ல ரெனால்டுக்கு இன்னாவோ எழுதிட்டாளாம். அவங்க அண்ணன் பாத்துட்டாரு. இனிமே ஸ்கூலும் கிடையாது, பரீட்சையும் கிடையாதுன்றாராம். பள்ளிகொண்டா பக்கம் மாமன் பையன் இருக்கானாம், கட்டிக் குடுத்துடுவாங்க போல."

கேட்டுக்கொண்டிருந்த ஃபீபி, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெனால்டுக்கு எழுதியது அவள்தான்.

பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் மூன்றே வாரம். அந்த வருஷம், 2008-ல், கெமிஸ்ட்ரி சார், ஃபேஸ்புக்குக்கு முன்னால் இன்டர்நெட்டில் கொடிகட்டிப் பறந்த ஆர்குட்டில் ஒரு குழு ஆரம்பித்து, "சந்தேகமெல்லாம் இதுல கேளுங்க, நாமளும் காலத்தோட போவணும்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். சந்தேகம் கேட்டவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் யார் பக்கத்தில் எத்தனை ஸ்க்ராப் விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ராப் என்றால் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் எழுதிப்போடும் வரி. கடிதம் மாதிரி ரகசியம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். ஊரே படிக்கலாம்.

வகுப்பு மொத்தத்துக்கும் கணக்குத் திறந்து கொடுத்தவர் பைபாஸ் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அப்துல் ஹமீத் பாய். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து உயிரை எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் அவரவர் பரீட்சை நம்பரையே போட்டுவிட்டார். அந்த நம்பர்களோ பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் பெயரோடு ஒட்டியிருந்தன. இத்தனை பெரிய புத்திசாலிகள் படித்த வகுப்பில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஃபீபிக்கு மட்டும் உறைத்தது.

அவள் தன் கணக்கிலிருந்து, அதே வகுப்பில் படிக்கும் ரெனால்டுக்கு ஒரு மாதமாகத் தினமும் ஒரு வரி எழுதினாள். அவன் ஒரே ஒரு தடவை "ஹாய்" என்றான். அந்த ஹாயைப் பார்க்கவே நாலு நாள் பாய் கடைக்குப் போனாள். புத்தகத்தைத் திறந்தால் பதில் வந்திருக்குமோ என்றே மனம் ஓடும். ரிவிஷன் டெஸ்டில் பிசிக்ஸ் நூற்று எழுபதிலிருந்து நூற்றுப் பதினைந்துக்கு இறங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்மா ஜெயசீலி, கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள் பாவம்.

செவ்வாய்க்கிழமை பிராக்டிகல். ஃபீபிக்குக் காலை பேட்ச், விஜயகுமாரிக்கு மத்தியானம். லேபுக்குள் நுழையும் தோழிக்கு ஆல் தி பெஸ்ட் சொல்லிவிட்டு, ஃபீபி நேராகப் பாய் கடைக்குப் போய் விஜயகுமாரியின் நம்பரைப் போட்டு அவள் கணக்கைத் திறந்தாள். அவள் பெயரில் எழுதினாலாவது பதில் சொல்கிறானா என்று பார்க்கத்தான். "எப்படி இருக்க?" என்று எழுதினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. கூடவே ஒரு சிரிப்பு முகம். ஃபீபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்திரமா, ஆசையா, இரண்டுமா, தெரியாது. இன்னொரு வரி எழுதினாள். மூன்றாவதாக, "உன்னப் பாக்காம இருக்க முடியல" என்றும் எழுதிவிட்டாள்.

விஜயகுமாரியின் அண்ணன் ஜெயப்பிரகாஷ் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். புதன்கிழமை லஞ்ச் நேரத்தில் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆர்குட் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க் ஆபித் பாஷா, "உன் தங்கச்சி பேராச்சே" என்று திரையைக் காட்டிவிட்டான்.

இப்போது வியாழக்கிழமை காலை. ஃபீபி வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் பாய் கடைக்கு ஓடினாள். ஷட்டர் தூக்கியதும் உள்ளே போய் மூன்று வரிகளையும் அழித்தாள். ரெனால்டின் பதில்களையும் அழித்தாள். இல்லாத வரியை எப்படிக் காட்டுவார்கள்? தோழியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு மூச்சுவிட்டாள்.

ஸ்பெஷல் கிளாஸில் விஜயகுமாரி கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஃபீபியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எழுதலடி. சத்தியமா. ஆனா அண்ணன் ஒரு சான்ஸ் குடுத்திருக்கு. எழுதுனதுக்குப் பக்கத்துல தேதி, நேரமெல்லாம் இருக்கும்னு அந்த கிளார்க் சொன்னாராம். சாயந்திரம் பாய் கடைக்கு வருது. நேத்து லஞ்ச்ல பாத்திருக்காங்க, திங்கள்கிழமை நான் பாக்கறப்போ ஒண்ணுமில்ல. நடுவுல நான் கடைப்பக்கமே போவல. செவ்வாய்க்கிழமை லேப்ல இருந்த நேரமா இருந்துச்சுன்னா போதும், தப்பிச்சிடுவேன்."

அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை ஃபீபி காலையில்தான் அழித்துவிட்டு வந்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயெடுத்தாள். அம்மா முகம் வந்தது, சர்ச் வந்தது, ரெனால்ட் வந்தான். "நீயும் கூட வாடி, எனக்கு பயமா இருக்கு" என்றாள் விஜயகுமாரி. சாயந்திரம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்கள்.

ஜெயப்பிரகாஷ் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். "தெறங்க பாய்" என்றார்.

பாய் ரெனால்டின் பக்கத்தைத் திறந்தார். மேலும் கீழும் உருட்டினார். "இதுல ஒண்ணுமில்லியே தம்பி."

"நேத்து என் கண்ணால பாத்தேன் பாய். மூணு இருந்துச்சு."

"அப்ப அழிச்சிருக்காங்க. எழுதுன கணக்கத் தெறந்து அழிச்சா போய்டும்."

ஜெயப்பிரகாஷ் தங்கையிடம் திரும்பினார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். குரல் தணிந்துபோயிருந்தது. "நேரம் பாக்கலாம்னு நான் சொன்னதும் அழிச்சிட்டல்ல? எழுதலன்னா ஏம்மா அழிக்கணும்?"

"நான் அழிக்கலண்ணா!"

"உன் நம்பர வச்சிக்கினு வேற எவனுக்கு இன்னா வேலை? போதும். ஹால் டிக்கெட்ட வாங்கி நானே கிழிச்சிடுறேன். வா வீட்டுக்கு."

அவர் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். விஜயகுமாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியும் சேர்ந்து நகர்ந்தது. அந்தச் சத்தத்தை ஃபீபியால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, விடுங்க. எழுதுனது நான்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "தோஸ்துக்காகப் பழி ஏத்துக்கிறியா? சும்மா இரும்மா."

"இல்லண்ணா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டேகால் மணி. இவ லேப்ல இருந்தா. இவ நம்பர் போர்டுல இருந்துச்சு, அதப் போட்டுத் தெறந்தேன். இன்னிக்குக் காலைல நான்தான் அழிச்சேன்."

பாய் தாடியைத் தடவினார். "ஆமா தம்பி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தப் பொண்ணுதான் மூணாம் கேபின்ல இருந்துச்சு. காலைல கடை தெறக்கறப்பவும் இதுதான் வந்துச்சு. உன் தங்கச்சி திங்கள்கிழமைக்கு அப்புறம் வரவே இல்ல." இதைச் சொன்னபோது அவருக்குத் தாம் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டுகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெயப்பிரகாஷ் தங்கையின் கையை விட்டார். மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்தது. "நாளைக்கு ஸ்கூலுக்குப் போம்மா" என்று தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் சைக்கிளின் பக்கத்தில் நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

திட்டுவாள், அறைவாள் என்று ஃபீபி காத்திருந்தாள். அறைந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. விஜயகுமாரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"காலைல நான் நேரத்தப் பத்திச் சொன்னேனே, அப்பவே அழிச்சாச்சா?"

"ம்."

"அப்ப இங்க ஒண்ணும் இருக்காதுன்னு உனக்குத் தெரியும்."

ஃபீபி நகர்ந்து கிடந்த நாற்காலியை இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தாள்.

"ஸ்கூல்லேர்ந்து இதுவரைக்கும் என் கையப் புடிச்சிக்கினுதானடி வந்த?"