குடும்பமாக இருக்கிறவர்கள்

பேபி கையை நீட்டினாள். தங்கபுஷ்பம் டப்பாவை நகர்த்தினாள்.

சின்ன டப்பாதான். தாம்பரம் கடைத்தெருவில் நகைக்கடைக்காரர் கொடுத்த சிவப்பு வெல்வெட் டப்பா. உள்ளே புறாவும் திறந்த வேதாகமமும் பொறித்த தாலி இருந்தது. பேபியின் ஒரே மகள் சுகிர்தாவுக்கு வெள்ளிக்கிழமை கட்டப்போகிற தாலி. சாப்பாட்டு மேசையில் சாம்பார் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் இருந்த அது, இப்போது அந்தப் பக்கம் போய்விட்டது.

"பாக்கத்தானேக்கா எடுக்க வந்தேன்" என்றாள் பேபி.

"பாரேன். யாரு வேணாம்னா? கண்ணால பாரு."

தொடாதே என்று தங்கபுஷ்பம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

மேசையின் கோடியில் ஞானையா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் தங்கபுஷ்பத்தின் கணவர். பேபியின் இறந்துபோன கணவனுக்கு அண்ணன். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த சபைக்கு மூப்பர். போதகர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். உபதேசம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது ஞானையாவின் பொறுப்பு. பொட்டு, ராசிபலன், ஆயுத பூஜைப் பொரி, வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாவற்றையும் தகுந்த வேத ஆதாரத்தோடு ஒவ்வொன்றாகச் சபையிலிருந்து வெளியேற்றியிருந்தார். தாலிக் கயிற்றில் மஞ்சள் பூசுவது அஞ்ஞானம் என்று கண்டறிந்தவரும் அவரே. அன்றிலிருந்து அந்தச் சபையில் தாலி வெள்ளை நூலில்தான் ஏறியது.

சுகிர்தாவின் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை பத்தரை மணி தனக்குச் சௌகரியம் என்று போதகர் சொன்னபோது, ஒன்பது மணிக்கே வைத்துவிடலாம் என்றார் ஞானையா. ஒன்பது மணிக்குத்தான் மின்சார ரயிலில் கூட்டம் இருக்காதாம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சபையில் ஒருவருக்கும் ராகு காலம் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் உடனே சம்மதித்தார்கள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் கோர்ப்பு ஜெபம்" என்றாள் தங்கபுஷ்பம், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. "ஆளெல்லாம் சொல்லியாச்சு. எல்லாரும் குடும்பமா இருக்கிறவங்க."

சுமங்கலி என்ற சொல் அந்த வீட்டில் புழங்குவதில்லை. அது பிற மதத்தாருடையது. ஆகவே கணவன் உயிரோடிருக்கும் பெண்களுக்குக் 'குடும்பமாக இருக்கிறவர்கள்' என்று கிறிஸ்தவப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின மாலை அவர்கள் கூடி உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் இழை சேர்த்துக் கயிறு திரித்து, அதில் தாலியைக் கோர்ப்பார்கள். மூன்றாம் வகுப்பில் தகப்பனை இழந்த பெண்ணை, நர்சரிப் பள்ளி டீச்சர் சம்பளத்தில் பி.காம். வரை படிக்க வைத்த பேபி இந்தக் கணக்கில் குடும்பமாக இல்லை.

"நானும் ஒரு இழை சேக்கறேன் அத்தான்" என்றாள் அவள்.

ஞானையா கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகப் பேசினார். குரோம்பேட்டைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். குரோம்பேட்டையிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் இதுவரை நினைத்ததெல்லாம், வேன் சபை வாசல் வரை வருமா என்பது ஒன்றைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். நாளைப்பின்ன அந்தப் பையனுக்கு ஒண்ணுன்னா, உன் கை பட்டதைத்தானே சொல்லுவாங்க?"

சுகிர்தா தட்டைப் பார்த்துக்கொண்டே, "விட்டுடும்மா, ஒரு நாள் தானே" என்றாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

பேபி மாடியிலிருந்த தன் போர்ஷனுக்குப் போனாள். சாப்பிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை.

அவள் ஞாயிறு பள்ளியிலும் டீச்சர். போன வாரம்தான், மனிதனுடைய ஆயுள் தேவனுடைய கையில் இருக்கிறது, நம் தலைமயிரைக்கூட அவர் எண்ணி வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்படியானால் பேனையும் எண்ணுவாரா டீச்சர் என்று ஒரு வாண்டு கேட்டது. எண்ணுவார் என்று சிரிக்காமல் பதில் சொன்னாள். அவள் இதையெல்லாம் நம்பினாள். அதுதான் வீட்டுக்குப் பெரிய தொந்தரவாகப் போனது.

அந்தச் சபையில் ஒரு விதி இருந்தது. சகுனம், நாள், திருஷ்டி பார்க்கிறவர்கள் பாவத்தை அறிக்கையிடும் வரை கர்த்தருடைய பந்தியில், அதாவது அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில், சேரக்கூடாது. ஞானையா கொண்டுவந்த விதி. ஆட்டோ ஓட்டும் சவுரிமுத்து முதலில் அதில் மாட்டினான். வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டியிருந்தான். விசாரித்தபோது, அதைக் கட்டியது தன் பெண்டாட்டி, தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். ஓட்டையை அடைக்க ஞானையா விதியைத் திருத்தினார். இனிமேல் ஒருவர் சகுனம் பார்த்தால் வீட்டார் எல்லோரும் விலகியிருக்க வேண்டும். அறிக்கையிட்டுத் தீரும் வரை அந்த வீட்டுக் கல்யாணம் எதுவும் சபையில் நடக்காது. சவுரிமுத்து மூன்று மாதம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. மே மாத வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் மின்விசிறிகள் சத்தத்தை மட்டும் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன. வழக்கம்போல ஞானையா எழுந்து நின்று, யார் யார் பந்தியில் சேரக்கூடாது என்று மனப்பாடமாகச் சொன்னார். திருஷ்டி என்ற இடம் வந்தபோது பின் பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். அதுவும் வழக்கம்தான்.

பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசை எழுந்தது. பேபி எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். போதகர் ஜெயவேலு அப்பத் தட்டோடு நின்றுவிட்டார். சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். ஞானையாவிடம் கேட்காமல் பாட்டு நம்பர்கூட மாற்றாதவர்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குங்கய்யா. எங்க வீட்ல சகுனம் பாத்துட்டோம். அதான் உக்காந்துட்டேன்."

ஞானையா தொண்டையைச் செருமினார். அதை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். வீட்டில் பேசியாகிவிட்டது என்றாள் பேபி. புருஷன் செத்தவள் கைபட்டால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்று மகளின் தாலியைத் தொட விடவில்லை. தானும் அதற்குப் பணிந்து மாடிக்குப் போனது பாவம். அதை இப்போது அறிக்கையிடுவதாகவும், விதிப்படி வீட்டார் அத்தனை பேரும் தன்னோடு உட்கார வேண்டியதுதான் என்றும், ஞாயிறு பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அடுத்த வரிசையில் ஏற்கெனவே பாதி எழுந்திருந்த தங்கபுஷ்பம் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றாள்.

"இது சகுனம் இல்ல" என்றார் ஞானையா. "முறை. நம்ம பெரியவங்க வெச்ச ஒழுங்கு."

போதகர் தட்டைப் பீடத்தில் வைத்தார். அவருக்கு வாதாடத் தெரியாது. தெரியாததால் நேராகக் கேட்டார். "அவங்க கோர்த்தா என்னங்கய்யா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா..."

அந்த வாக்கியத்தை ஞானையா முடிக்கவில்லை. பின் பெஞ்சில் சவுரிமுத்து எழுந்தான்.

"அந்த ஆனாவத்தான் சார் நானு ஆட்டோவுல கட்டிகினு சுத்திகினு இருந்தேன். அதுக்கு இன்னா பேஜார் குடுத்தீங்கோ."

யாரோ சிரித்தார்கள். ஆராதனையில் சிரிப்பது பற்றி இன்னும் விதி வரவில்லை. பேபி சிரிக்கவில்லை. அவள் ஞானையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அத்தான். உங்க தம்பி உயிரு கர்த்தர் கையில இருந்துச்சா, என் கையில இருந்துச்சா? கர்த்தர் கையிலன்னா என் கை என்ன பண்ணிச்சு? என் கையிலன்னா, நாம இத்தனை வருஷமா இங்க வந்து யாரைக் கும்பிட்டோம்?"

அன்று திருவிருந்து முடிய மத்தியானம் ஆயிற்று. போதகர் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மூப்பரிடம் ஒரு முடிவைச் சொன்னார். அது சகுனம் என்றால் வீட்டார் பந்திக்கு விலகியிருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கல்யாணம் இல்லை. சகுனம் இல்லையென்றால் பேபி தாலி கோர்க்கத் தடையில்லை. இரண்டில் எது என்று மூப்பரே சொல்லட்டும், விதி அவருடையது. ஞானையா வெகுநேரம் செருப்பைத் தேடினார். சகுனம் இல்லை என்று சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் யாரோடும் பேசாமல் நடந்தார். சுகிர்தா அம்மாவை விட்டு மூன்றடி தள்ளியே நடந்தாள்.

வியாழக்கிழமை மாலை வீட்டு முன்னால் பந்தல். ஹாலில் ஜமுக்காளம் விரித்து, குடும்பமாக இருக்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞானையா பேபியை ஓரமாக அழைத்து ஒரு வழி சொன்னார். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் முதலில் கோர்த்துவிடட்டும். அப்புறம் அவிழ்த்து ஹாலில் எல்லோர் முன்னிலும் தங்கபுஷ்பம் கோர்ப்பாள். உபதேசமும் நின்றது, ஊர் வாயும் நின்றது.

"ரூம்ல இல்ல அத்தான்" என்றாள் பேபி. "ஹால்ல."

ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தாள். டப்பா தங்கபுஷ்பத்தின் மடியில்தான் இருந்தது. தங்கபுஷ்பம் கணவனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மணப்பெண்ணுக்குரிய ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுகிர்தா எழுந்தாள். பெரியம்மாவின் மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். அம்மாவின் கையில் கொடுத்தாள்.

பேபி நூலைப் பிரித்து முதல் இழையை எடுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, கொல்லைப்புறம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மணியக்கா. அருள்மேரியக்கா. ரெண்டு பேரும் இங்க வாங்க."

சபையில் எந்தக் கல்யாணமானாலும் கணவனை இழந்தவர்களுக்கு அழைப்பு உண்டு. வெங்காயம் உரிக்கிற இடத்துக்கு அழைப்பு. அம்மணியும் அருள்மேரியும் மத்தியானத்திலிருந்து நாளைய பிரியாணிக்காக உரித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டது எதற்கென்று புரியாமல், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹால் வாசலில் வந்து நின்றார்கள்.

"உக்காருங்க. ஆளுக்கு ஒரு இழை."

"எங்களையா கூப்புட்ட?" என்றாள் அம்மணி.

"கையாவது கழுவிட்டு வரச் சொல்லும்மா" என்றார் ஞானையா. அது கெஞ்சல் மாதிரி இருந்தது.

"வெங்காயத்துக்கு நம்ம உபதேசத்துல தடை இல்ல அத்தான். வாங்கக்கா."

குடும்பமாக இருக்கிறவர்களில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்து, நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். வெங்காய நெடி ஹால் முழுவதும் பரவியது. பலர் கண்களில் நீர் வந்தது. எதனால் வந்தது என்று யாரும் ஆராயவில்லை.

"ஜெபம் பண்ணுங்க அத்தான்" என்றாள் பேபி.

ஞானையா ஜெபித்தார். எல்லாத் தீங்குக்கும் பிள்ளைகளை விலக்கிக் காக்கும்படி, வழக்கத்தைவிட நீளமாக, வழக்கத்தைவிட உருக்கமாக ஜெபித்தார். ஹாலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அந்த மூன்று பேரும் மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாலி கோர்க்க முடியாது.