ஜீப்புக்கு ஆளுக்கொரு வைத்தியம்

அந்தப் பழைய ஜீப்புக்கு மற்ற வண்டிகளைப் போல ஆயிரம் நோய் கிடையாது. ஒரே ஒரு நோய்தான்: மேடு ஏறும்போது நின்றுவிடும். இரண்டு தரம் இருமும், ஒரு தரம் குலுங்கும், அப்புறம் மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடும். யார் கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. எதையாவது செய்து பார்த்தால், கொஞ்ச நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும்.

பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிற வண்டியென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தையல்காரியின் வீட்டில் அந்த ஜீப்பை நம்பி ஓர் உயிர் இருந்தது. அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் காலையில் குன்றைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். குன்றின் மேல் போகிற பாதையை மழை அரித்துத் தின்றுவிட்டது; பஸ் வருவது நின்று ரொம்ப நாளாகிறது. பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த வழியில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் ஏறும். அப்படி ஒரு வண்டி அக்கம்பக்கத்தில் தையல்காரியின் தம்பியிடம் மட்டும் இருந்தது.

தம்பி வாய் கிழியப் பேசுகிறவன். எதைக் கேட்டாலும் தெரியும் என்பான். தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைப்பு. ஆனால் மாஸ்டர் மாமாவுக்கு என்றால் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பான். அந்த ஒரு குணத்துக்காக அவனுடைய மற்ற குணங்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜீப் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியதும் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. கார்புரேட்டரில் கசடு சேர்ந்திருக்கிறது, ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினால் வழிக்கு வரும் என்றான் தம்பி. தட்டினான், வண்டி கிளம்பியது. அடுத்த முறை நின்றபோது மாஸ்டர் பின்சீட்டில் படுத்தபடியே, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போடுங்கள் என்றார். போட்டார்கள், கிளம்பியது. டவுன் மெக்கானிக் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பொறி போதவில்லை என்று புது இக்னிஷன் காயில் மாட்டிக்கொடுத்தார். அதன் பிறகும் நின்றபோது, ஒயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டச் சொல்லி போனிலேயே வைத்தியம் பார்த்தார். அதற்கும் கிளம்பியது. டேங்க்கை எப்போதும் முழுசாக ரொப்பி வையுங்கள் என்றும் ஒரு யோசனை சொன்னார். ரொப்பிய அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே நின்றது. ஆக மூன்று வைத்தியமும் பலித்தன, நோய் மட்டும் போகவில்லை. ஆனாலும் மூன்று பேரும் அவரவர் வைத்தியம்தான் வைத்தியம் என்று விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள்.

கடைசியாக நின்ற அன்றுதான் விபரீதமாகிவிட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று தட்டி, நனைத்து, சுரண்டி, எல்லாம் முடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டரின் முறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். நர்சு திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். சாயங்காலம் வரை வராந்தா பெஞ்சில் காத்திருந்து, கிடைத்த நேரத்தில் அரைகுறையாகச் செய்துகொண்டு, வீங்கிய காலோடு வீடு திரும்பினார் மாஸ்டர். செருப்பைக் கழற்றக் குனிந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. என்னால உங்க ரெண்டு பேருக்கும் ரோட்டுலயே உயிர் போகுது. நான் இனிமே வரலை."

வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தையல்காரி அழுதாள். அழுது பலனில்லை என்று தெரிந்ததும் சண்டை போட்டாள். சாப்பிடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அவர் ஓர் அடி இறங்கி வந்தார்.

"நாளன்னிக்கு ஒரே ஒரு தடவை வரேன். வழியில வண்டி படுத்துச்சுன்னா அப்படியே வீட்டுக்குத் திருப்பிடணும். அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது."

வேறு வழி தெரியாமல் அவள் சரியென்றாள். அவர் உயிரை ஒரு பழைய இன்ஜின் கையில் கொடுத்துவிட்டோமே என்று இரவெல்லாம் புரண்டாள். விடிந்ததும் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. வெட்டி வைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டாள், தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் தம்பியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சட்டை இறுக்குகிறது என்று யாராவது வந்தால் அவள் கத்தரியை எடுத்துக் கண்டபடி பிரிக்கமாட்டாள். ஒரு தையலைப் பிரிப்பாள், போட்டுப் பார்க்கச் சொல்வாள். சரியாகாவிட்டால் அதைத் திரும்பத் தைத்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பாள். தோளையும் கையையும் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துவிட்டால் குற்றம் எதில் என்று கடைசிவரை தெரியாது. ஜீப்பிடம் எல்லோரும் அந்தத் தவறைத்தான் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வண்டி நின்றதும் என்ன செய்வாய் என்று தம்பியைக் கேட்டாள். தட்டுவேன் என்றான். அதற்கு முன்னால் என்றாள். இறங்குவேன் என்றான். இறங்கி என்றாள். இப்படி ஒவ்வொரு படியாகக் கறந்ததில், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று ஒரு சங்கதி வெளியே வந்தது.

ஜீப்பில் பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப் பல வருஷமாகிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் டேங்க்; பக்கத்திலேயே அதன் வாய். தம்பி மேலே உள்ள உறையைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பான். அந்த உறை தையல்காரி தைத்ததுதான். டயாலிசிஸுக்குப் போகும்போதும் வரும்போதும் மாஸ்டருக்குப் பெட்ரோல் வாடை பட்டாலே குடலைப் பிரட்டும், வாந்தி எடுத்துச் சுருண்டுவிடுவார். அதனால் மூடிக்குள் கச்சிதமாக உட்காரும்படி தடித்த ரப்பரில் ஒரு வளையமும் வட்டமும் வெட்டிப் போட்டு, மேலே ரெக்சினில் எலாஸ்டிக் வைத்து உறையும் மாட்டியிருந்தாள். வாடை போன இடம் தெரியவில்லை. மெக்கானிக்கே அந்தத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்.

"அப்போ தட்டின அன்னிக்கும் குச்சி விட்டே, துணி போட்ட அன்னிக்கும் விட்டே, ஒயரைச் சுரண்டின அன்னிக்கும் விட்டே."

"ஏன்க்கா, குச்சி விட்டா வண்டி ஓடுமா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா தட்டினதாலதான் ஓடுச்சுன்னு உனக்கும் தெரியாது. கிளம்பு, போய்ப் பார்த்துடுவோம்."

மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு இரண்டு பேரும் மத்தியான வெயிலில் கிளம்பினார்கள்.

வண்டி நின்று தொலையவேண்டுமே என்று தம்பி வாழ்க்கையில் முதல் முறையாக ஆசைப்பட்டான். அது தெரிந்தோ என்னவோ ஜீப் சமர்த்தாக ஏறியது. பாறைகளைத் தாண்டியது, மண் சரிந்த இடத்தைத் தாண்டியது. இன்றைக்குப் பார்த்து நல்ல புத்தி வந்துவிட்டதா என்று இவர்கள் சலித்துக்கொண்ட நேரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு தரம் இருமி நின்றது.

பழக்க தோஷத்தில் தம்பியின் கை குச்சிக்குப் போனது. தையல்காரி அதைப் பிடுங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூடியை யாரும் தொடக்கூடாது, முதலில் உன் வைத்தியத்தைப் பார் என்றாள். தம்பி தட்டினான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். பிடிக்கவில்லை. அடுத்தது மாஸ்டருடைய ஈரத்துணி. பம்ப் தொட்டால் சில்லென்று இருக்கும்வரை காத்திருந்து பார்த்தார்கள். பயனில்லை. மெக்கானிக் சொன்னபடி ஒயரைக் கழற்றிப் பளபளவென்று சுரண்டி மாட்டினான். அதற்கும் வண்டி மசியவில்லை. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் அடி வாங்கிய கார்புரேட்டர் ஒரு பாவமும் அறியாதது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"இப்ப நான் மூடியை மட்டும் திறக்கறேன். குச்சிகூட விடலை. நீ பேசாம கவனி."

உறையைக் கழற்றினாள். மூடி எளிதில் திரும்பவில்லை. உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே போனது. சீட்டுக்கு அடியில் டேங்க்கின் தகடு டங்கென்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்தது. தம்பி பேந்தப் பேந்த விழித்தான். பிறகு இறங்கிப்போய், பம்பிலிருந்த சின்னக் கைப்பிடியை அழுத்திப் பெட்ரோலை ஏற்றிவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

விஷயம் இவ்வளவுதான். டேங்க்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காகவே மூடியில் பொடி ஓட்டை ஒன்று உண்டு. அதை ரப்பர் அடைத்துவிட்டது. மேட்டில் இன்ஜின் அதிகமாகக் குடிக்கும். பம்ப் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு முடியாமல் கையை விரித்துவிடும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே கொஞ்சம், இன்னும் சீக்கிரம் நிற்கும். குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்ததும் காற்று போய்விடும், அடுத்து எவன் வைத்தியம் பார்த்தானோ அவனுக்குப் பேர். மூடியைத் திறக்கும்போதெல்லாம் தம்பி வண்டியைத் திட்டிக்கொண்டிருந்ததால் அந்த உஸ்ஸும் டங்கும் அவன் காதில் விழுந்ததே இல்லை.

தையல்காரி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் வாந்தி எடுக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டிய ரப்பர்தான் அவரை நடுவழியில் உட்கார வைத்திருக்கிறது. பெஞ்சில் காத்திருக்க வைத்ததும், போதும் என்று சொல்ல வைத்ததும் தன் கைதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தம்பிக்கு எப்போதாவதுதான் சரியான இடத்தில் சரியான பேச்சு வரும், அன்றைக்கு வந்தது.

"விடுக்கா. கொஞ்சம் மட்டமாத் தைச்சிருந்தீன்னா ஓடியிருக்கும்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ரப்பரில் ஓர் ஓட்டை போட்டுவிட்டால் போதுமே என்று அவன் உடனே புது வைத்தியம் ஆரம்பித்தான். அந்த ஓட்டை நாளைக்குத் தூசியில் அடைத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள். ரப்பரைப் பிய்த்து எடுத்தாள், ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியால் மூடியின் ஓட்டையைக் குத்திச் சுத்தம் பண்ணினாள், உறையைச் சுருட்டிப் பையில் திணித்தாள். உச்சிவரை போய், அடிவாரத்துக்கு இறங்கி, மறுபடி ஏறச் சொன்னாள். அது போதாதென்று இன்னொரு முறையும் ஏறச் சொன்னாள். ஜீப் எங்கும் நிற்கவில்லை. ஆனால் உள்ளே பெட்ரோல் வாடை கும்மென்று அடித்தது.

வீட்டுக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல் மாஸ்டரிடம் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். இனி வண்டி படுக்காது, ஆனால் வாடை வரும், அதைத் தடுக்கத் தன்னிடம் இப்போதைக்கு வழியில்லை என்றாள். அவர் நிதானமாகக் கேட்டார். நீ ஏம்மா தப்புங்கறே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனம் மாறிவிட்டதா என்று அந்த முகத்திலிருந்து அவளால் படிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் சொன்ன சொல் தவறாமல் வந்து ஏறினார். ஜீப்பின் இரண்டு பக்கப் படுதாக்களையும் சுருட்டிக் கட்டியிருந்தும் வாடை போகவில்லை. ஜீப் பாறைகளைத் தாண்டியது. முந்தாநாள் நின்ற இடத்தைத் தாண்டியது, நேற்று நின்ற இடத்தையும் தாண்டியது. தம்பி கண்ணாடியில் அக்காவைப் பார்த்து மீசைக்குள் சிரித்தான். உச்சி வந்ததும் அவள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த நேரத்தில் மாஸ்டரின் கை அவள் தோளை இறுக்கியது. முகம் வெளுத்திருந்தது.

தம்பி இன்ஜினை அணைக்காமல் ஓரம் கட்டினான். மாஸ்டர் இறங்கி, மண்டியிட்டு, வயிற்றில் இருந்ததையெல்லாம் எடுத்தார். ஒன்றுமில்லாத பிறகும் குமட்டியது. தையல்காரி அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் நொறுங்கியது. வண்டியை ஜெயித்தாகிவிட்டது, இந்த உடம்பிடம் என்ன சொல்லிக் கேட்பது? இனி அவர் திரும்பு என்றால் எதிர்த்துப் பேச அவளிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கீழே வீடு, மறுபக்கம் கீழே டவுன். இரண்டையும் பார்த்தார். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கையைப் பிடிக்காமல் தானே எழுந்தார், கம்பியைப் பற்றி ஏறிப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார்.

"அடுத்த தடவை ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வைம்மா. மோந்துக்கிட்டே வரேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பி திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டு வண்டியை டவுன் பக்கம் இறக்கினான்.