முதலில் கிழிய வேண்டிய அங்கி

அந்த வாரம் முழுக்கச் சபையில் ஒரே ராஜாவின் கதைதான். ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் தொலைந்துபோன வேதச்சுருள் கிடைக்கிறது. அதைக் கேட்ட ராஜா ஜனங்களைக் கூட்டி, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறான். "நாமும் புதுப்பிப்போம்" என்றார் போதகர். உறுத்தும் பாவத்தை ஆளுக்கொரு அட்டையில் பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைத் திறக்காமல் அப்படியே எரித்துவிடுவதாக வாக்கும் கொடுத்தார்.

வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கும் ரெக்சின்காரி எதுவும் எழுதவில்லை. அவள் அக்காதான் கடையில், ஃபோம் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒருபக்கம் நிறைய எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க மேடையில் ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். "நாலு வருஷம் படுக்கையில கிடந்த அப்பா செத்தப்போ எனக்கு அழுகை வரலை. அப்பாடான்னு இருந்துச்சு." அட்டையை உயர்த்திக் காட்டினார். "பெத்த தகப்பனுங்க! கல்நெஞ்சுன்னா இதுதான்."

அந்தச் சபையில் நாலு வருஷம் படுக்கை விரித்துக் கிடந்த வீடு ஒன்றே ஒன்று. தலைகள் திரும்பின. அக்கா மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்த நாலு வருஷமும் அப்பாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் அக்கா. இந்த மனிதர் வந்தது ஒரே தடவை. மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே ஜெபித்துவிட்டு, கொடுத்த டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

ரெக்சின்காரி எழுந்து நின்றாள்.

"ஐயா, சுருளைக் கேட்டதும் அந்த ராஜா யார் உடுப்பைக் கிழிச்சான்?"

"உட்காருங்கம்மா, ஆராதனை நடக்குது."

"தன் உடுப்பைத்தானே? எல்லார் முன்னாடியும் முதல்ல வாக்குக் கொடுத்ததும் அவன்தானே? உங்க அட்டை எங்க ஐயா?"

போதகர் வாய் திறக்குமுன் செயலாளர் கண் காட்டினார், பாட்டு தொடங்கிவிட்டது. அவள் விடவில்லை. "எங்க அக்கா கல்நெஞ்சா? அவ அள்ளிப் போட்டதை ஒருநாள் நீங்க அள்ளியிருப்பீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "அவராவது பேர் சொல்லாம படிச்சாரு. பேரைப் போட்டது நீதான்டி." இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெக்சின்காரி கத்தரியை ரெக்சினில் அழுத்தி அழுத்தி ஓட்டினாள். இப்போது தன்மேலும் கோபம்.

புதன்கிழமை போதகர் கடைக்கு வந்தார். "பெட்டியை எரிச்சுட்டேன்மா. மன்னிச்சிடுங்க."

"எங்க நின்னு படிச்சீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. இங்க வந்து காதோட காதா சொல்றதுக்குப் பேரு மன்னிப்பு இல்ல, பூசி மெழுகுறது."

"சபை முன்னாடி என் மரியாதை..."

"அக்காவோடது மட்டும் கிள்ளுக்கீரையா?"

அடுத்த ஞாயிறு போதகர் மேடை ஏறவில்லை. கீழேயே நின்று தன் அட்டையை வாசித்தார். "கொடுத்த வாக்கை மீறிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு நோயாளி வீட்டு நாத்தத்துக்குப் பயந்து நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் அந்தப் பக்கம் போனேன்." செயலாளர் தானாகக் கை நீட்டி ஓர் அட்டை கேட்டார். அவர் பின்னால் மூப்பர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

நியாயமாக ரெக்சின்காரிக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். அக்கா உட்காரும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஈரத் துணியை உதறிக் காயப்போட்டபடியே அக்கா கேட்டாள்.

"நல்லா இருக்கட்டும். என்னை மட்டும் இனி அங்க கூப்பிடாதே."

"கூப்பிட மாட்டேன்க்கா" என்றாள் தங்கை.