கோட்டில் உட்காராத புள்ளி

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். என் மனைவி நந்தினியின் போன் என்பதால் விட்டேன். அவளுடைய கைடு சோமசுந்தரம் ஸ்பீக்கரில் சொன்னதை மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவே கேட்டிருக்கும்.

"அந்த ஒரு புள்ளியை எடுத்துடும்மா. கிராஃப் சுத்தமா இருக்கும். எடுத்தாத்தான் தீசிஸ்ல என் கையெழுத்து."

நந்தினி ஐந்து வருஷமாக ஆராய்வது கேலக்சிக் கொத்துகளை. நூற்றுக்கணக்கான கேலக்சிகள் சேர்ந்தது ஒரு கொத்து. அதன் நிறை கூடக் கூட உள்ளே இருக்கும் வாயுவின் வெப்பமும் கூடும். வெப்பத்தை வைத்தே நிறையைச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு கொத்து மட்டும் அவள் போட்ட கோட்டில் உட்காரவில்லை. அதற்குப் பின்னாலிருந்து வரும் ஒளி அதன் ஈர்ப்பில் எவ்வளவு வளைகிறது என்று பார்த்து நிறையைக் கணக்கிட்டாள். வெப்பம் சொன்னதில் பாதிதான் வந்தது. அங்கே இரண்டு கொத்துகள் மோதிக்கொண்டிருக்கின்றன, மிச்சச் சூடு மோதலில் வந்தது என்று கண்டுபிடித்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் வெறும் வெப்பத்தைப் பார்த்து அதே கொத்துக்கு இரண்டு மடங்கு நிறை எழுதிப் பேர் வாங்கியவர் யார்? இந்தச் சோமசுந்தரம்தான்! தன் தப்பை மறைக்க அவள் உழைப்பை அழிக்கச் சொல்கிறார். என்ன அநியாயம் இது!

ஆனால் என் வாய் வேறு சொன்னது. "ஒரு புள்ளிதானே நந்தினி. அழிச்சிட்டு பட்டத்தை வாங்கிக்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யார்டுல நீங்க எழுதிக்கினு இருக்கீங்களே, அந்த மாதிரியா?"

சுருக்கென்றது. வடலூர் ரோட்டில் ஒரு தனியார் நிலக்கரி யார்டில் எனக்கு கான்ட்ராக்ட் வேலை. காலையில் குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவி, புறங்கையில் வைத்துப் பார்ப்பேன். சுட்டால் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குவியலைக் கலைத்து ஆறப்போட வேண்டும். ஆறப்போட்டால் லோடு தாமதமாகும். அதனால் கை சுட்டாலும், சூப்பர்வைசர் சொன்னபடி, நோட்டில் 'சாதாரணம்' என்றுதான் எழுதுவேன். போன மாசம் அப்படி எழுதிய குவியல் தீப்பிடித்தது. என்னோடு வேலை பார்க்கும் கார்முகிலுக்கு இரண்டு காலும் வெந்துபோயின.

நந்தினி புள்ளியை அழிக்கவில்லை. சோமசுந்தரத்தின் பழைய கணக்கு தப்பு என்ற வரியோடு தீசிஸை அப்படியே அவருக்கே அனுப்பினாள். 'வேறு கைடைப் பார்த்துக்கொள்' என்று ராத்திரியே பதில் வந்தது. படித்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் கம்பி சுட்டது.

"லாரி நிக்குது மணிமாறா, வழக்கம்போல எழுதுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

'சூடு' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு நோட்டை அவர் கையிலேயே கொடுத்தேன்.