பாதிரோட்டு எலுமிச்சம்பழம்

திண்டிவனம் பஜாரில் இருக்கிற சீனுவாசனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து ஜெசிந்தாவின் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். அந்தத் தூரத்தை நடக்க அவருக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது. வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கிலோ ஆப்பிளும், முதுகில் பைக் படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"பாதிரோட்டுல மறுபடி வேலை ஆரம்பிக்கறாங்க தங்கச்சி. அடுத்த வாரம் ஜேசிபி வருது. அதுக்குள்ள பழைய பசங்க எல்லாம் ஒரு தடவை கூடலாம்னு பேசிக்கினு இருக்கோம். ராஜ்குமார் இல்லாம எப்படி?"

ஜெசிந்தா தையல் மிஷினை நிறுத்தவில்லை. யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷமா அவரு இல்லாமதானண்ணா இருந்தீங்க. எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்க வேண்டியதுதான்" என்றாள்.

சீனுவாசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து ராஜ்குமார் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான். இடது காலை இழுத்து நடப்பான். வந்திருப்பவரின் வழுக்கையையும் தொந்தியையும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வாங்கப்பா. சீனு வரலியா? வண்டிக்கு கார்புரேட்டர் ஜெட் மாத்தணும்னு சொன்னான், ஆளையே காணோம்."

சீனுவாசனின் அப்பா செத்து வெகு காலம் ஆகிறது. சீனுவாசன், "வருவாம்ப்பா, சொல்லியனுப்பறேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும் என்றுதான் ஜெசிந்தாவுக்கு இருந்தது. இந்த வீட்டில் தினமும் கலங்குகிற கண் ஒன்று இருக்கிறது, அதை யார் வந்து பார்த்தார்கள்?

பாதிரோடு என்பது திண்டிவனத்துக்கும் பெருமுக்கலுக்கும் நடுவில் போட்ட சாலை. பைபாஸ் வரப்போகிறது என்று நிலத்தை எடுத்தார்கள், மண் அடித்தார்கள், தாரும் ஊற்றினார்கள். ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற நேரத்தில் ஏதோ வழக்கு வந்து எல்லாம் நின்றுபோனது. எங்கேயும் போகாத சாலைக்கு வண்டி எதற்கு வரும்? மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியைக் காயப்போடுகிறவர்களைத் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை. நூல் பிடித்தது போல நேராகக் கிடந்த அந்தச் சாலையைப் பார்த்துப் பையன்கள் விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் செஞ்சி, மயிலம், வானூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்து சேரும். இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். நடுவில் சீனுவாசன் துண்டைத் தூக்கிப் பிடிப்பான். துண்டு கீழே விழுந்தால் வண்டி பறக்கும். ஒற்றைப் பனைமரத்தை யார் முதலில் தாண்டுகிறானோ அவன் ஜெயித்தவன். பனைமரத்துக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் ரோடு முடிந்து ஜல்லி குவிந்திருக்கும். அதற்குள் பிரேக் பிடித்துவிட வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் வைக்காமல் எவனும் வண்டி எடுக்கமாட்டான். அவனவன் மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைப் பழம் என்று பொத்திப் பொத்திக் கொண்டுவருவான். ராஜ்குமார் மட்டும் பழம் கொண்டுவந்ததே இல்லை. புறப்படுகிற இடத்தில் ஒரு சின்ன மதகு உண்டு. அதன் கைப்பிடிச் சுவரின் மேல் அவனுக்குப் பழம் காத்திருக்கும். அதில் நகத்தால் கீறிய சிலுவை ஒன்று இருக்கும்.

அந்த நகம் ஜெசிந்தாவுடையது. காலனியிலிருந்து மாதா கோயிலுக்கு எட்டு மணிப் பூசைக்கு சைக்கிளில் போகிறவள், மதகு வந்ததும் செயினைச் சரிசெய்வது போலக் குனிந்து, பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான் அவர்கள் காதல். பேசியதெல்லாம் அப்புறம், அதுவும் யாரும் பார்க்காத இடத்தில். அவன் ஊர்த்தெருப் பையன், ஐந்து ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை உள்ளவன் மகன். அவள் காலனிப் பெண். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "எவன் கேட்டாலும் உன் பேர சொல்லமாட்டேன். தலையே போனாலும் சொல்லமாட்டேன்" என்று அவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். சீனுவாசன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும்.

பிறகு பாண்டிச்சேரிக்குப் போய் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். ராஜ்குமாரின் அண்ணன் அரிவாளோடு இரண்டு நாள் தேடினான், அப்புறம் தம்பி செத்துவிட்டதாகச் சொல்லித் தலைமுழுகினான். வாடகை வீடு, ஒரு ஸ்டவ், ஒரு பாய் என்று குடித்தனம் ஆரம்பித்து முழுதாக மூன்று மாதம் ஆகவில்லை. வானூர் பையன் ஒருவன் சவால் விடுகிறான், இது ஒன்றுதான், இதோடு சரி என்று சீனுவாசன் வந்து கூப்பிட்டான். ஆசை யாரை விட்டது? ராஜ்குமார் போனான். கட்டினவனுக்கு எதற்கு ஒளிந்து ஒளிந்து பழம் என்று அன்றைக்கு ஜெசிந்தா மதகுக்குப் போகவில்லை. அவன் ஜெயித்தான். ஜெயித்துவிட்டு, பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்துக்குள் ஜல்லி வந்துவிட்டது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

உயிர் பிழைத்தான். மண்டைக்குள் கடைசி ஒரு வருஷம் அழிந்துபோயிருந்தது. புதிதாக எதுவும் தங்கவும் இல்லை, தெரிந்த முகங்களும் பிடிபடவில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானத்துக்குள் மறந்துவிடும். இன்னமும் அவனுக்கு இருபத்திரண்டு வயசு. கண்ணாடியில் நரைத்த தாடியைப் பார்த்து ஒருநாள் அலறிவிட்டதால் ஜெசிந்தா வீட்டிலிருந்த கண்ணாடியை எடுத்துவிட்டாள், ஷேவிங்கும் அவளே செய்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் நர்சை அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவன், வீட்டுக்கு வந்த பிறகு இவளையும் அக்கா என்றே கூப்பிட்டான். அவள் நீங்க வாங்க என்று பேசினால் கூச்சப்பட்டான். "என்னயப் போயி நீங்கன்றீங்களேக்கா" என்பான். அவளும் வா போ என்று மாற்றிக்கொண்டாள்.

முதல் வருஷம் முழுக்க அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். "நாந்தான் ஜெசி. என்னப் பாரு. உன் ஜெசி." ஒவ்வொரு தடவையும் அவன் முகம் இறுகிவிடும். "அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதுக்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒருநாள் உடம்பெல்லாம் நடுங்கி, சோற்றைத் தொடாமல் கிடந்தான். அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். சீனுவின் வண்டி, பழைய கார்புரேட்டர், எவனோ ஒரு மயிலம் பையன் என்று எல்லாம் நினைவிருக்கிறது, என்னைத் தவிர எல்லாம் இருக்கிறது என்று அவள் அழுத அழுகை அந்த வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். செத்துப்போனவனுக்குக்கூடப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பாள். உயிரோடு இருக்கிறவனுக்கு அவள் யாரோ ஒரு அக்கா.

அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், சீனுவாசன் வாசலைத் தாண்டும்போது, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள். அந்த இடத்தைப் பார்த்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டால், ஒரே ஒரு தடவை ஜெசி என்று கூப்பிட்டுவிடமாட்டானா? அடுத்த நிமிஷம் மறந்து தொலைக்கட்டும். ஒரு தடவை போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போய் இறங்கினார்கள். ஊரே மாறிக் கிடந்தது. ஒரு பக்கம் மனைக்கல் நட்டு, ஏதோ நகர் என்று வளைவு வைத்திருந்தார்கள். பனைமரம் இல்லை. பெருமுக்கல் மலையும் மதகும் மட்டும் அப்படியே இருந்தன. கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது பேர், பாதிப் பேருக்கு டீ-ஷர்ட் தொந்தியைத் தாண்டி இறங்கவில்லை. ஓரத்தில் பிரியாணி தம்மில் இருந்தது. அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவரவர்க்கு அந்தக் காலம் போய்விட்டது, ஆகவே இனித்தது. ராஜ்குமாருக்குத்தான் அது போகவே இல்லையே. அவனோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள மட்டும் வரிசை கட்டினார்கள்.

அந்தச் சந்தடியில் ஜெசிந்தா மெல்ல மதகுப் பக்கம் நடந்தாள். முந்தானையில் முடிந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் சிலுவை கீறி, கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு வந்து ஒதுங்கி நின்றாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எவனோ பழைய ஆர்எக்ஸ் பைக் ஒன்றை உதைத்துக் கிளப்பினான். அந்தச் சத்தம் கேட்டதும் ராஜ்குமாரின் முதுகு நிமிர்ந்தது. "மெயின் ஜெட்டு பெருசு, அதான் அடைக்குது" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். ஓட்ட வேண்டாம், சும்மா உட்கார வைத்துப் படம் எடுக்கலாம் என்று சீனுவாசன் வண்டியை மதகருகே தள்ளிக்கொண்டு போக, ராஜ்குமார் காலை இழுத்தபடி கூடவே போனான். போனவன் நின்றுவிட்டான்.

பழத்தைப் பார்த்துவிட்டான். எடுத்துப் புரட்டினான். சிலுவையை விரலால் தடவினான்.

அவன் சட்டென்று பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். பிறகு அவளிடம்தான் வந்தான். "அக்கா, செத்த இப்படி வாங்க" என்று கையைப் பிடித்து மதகின் மறுபக்கம் கூட்டிப்போனான்.

"இந்தப் பக்கம் ஒரு பொண்ணு வந்துச்சா? சைக்கிள்ல."

அவள் அவன் சட்டைப் பையையே பார்த்தாள்.

"உங்களத்தான்க்கா கேக்கறேன். நீங்க நல்லவங்க. எனக்கு சோறு போடறீங்க. அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா அத வெட்டிப் போட்டுருவான்."

"பேரு என்னப்பா?"

அவன் தயங்கினான். மலையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "ஜெசி."

பதினெட்டு வருஷமாக எந்தப் பெயருக்காகக் காத்துக் கிடந்தாளோ அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. அவளைக் கூப்பிடத்தான் வரவில்லை.

"யார் யாரோ கேட்டுக்கினே இருக்கறாங்கக்கா. ஆஸ்பத்திரியில கூட ஒரு பொம்பள பக்கத்துலயே உக்காந்துக்கினு நாந்தான் ஜெசி, நாந்தான் ஜெசின்னா. எங்கண்ணன் ஆள் வெச்சி வேவு பாக்கறான். நான் வாயத் தொறப்பனா? தெரியாதுன்னுட்டேன்." ஜெயித்தவனைப் போலச் சிரித்தான். எதுவும் தங்காத அந்த மண்டையில் அந்தப் பயம் மட்டும் தங்கியிருந்தது.

ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் மறக்கவே இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவளிடமிருந்தே அவளைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். அவள் சுவரைப் பார்த்து அழுத ராத்திரிகளிலெல்லாம் அவன் இந்தப் பக்கம் வாயை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தான். இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாந்தாண்டா அது என்று கத்திவிடலாம் போல இருந்தது. கத்தினால் அவன் முகம் மறுபடி இறுகும், இந்த அக்காவும் அண்ணனின் ஆள் ஆகிவிடுவாள், அந்தப் பெயர் திரும்ப உள்ளே போய்விடும்.

"வந்துச்சுப்பா" என்றாள். "பழத்த வெச்சிட்டு, பூசைக்கு நேரமாச்சுன்னு ஜல்தியா போயிடுச்சு."

"எதனா சொல்லிச்சா?"

"திரும்பிப் பாக்காம ஓட்டச் சொல்லிச்சு."

"அதுக்கு எப்பவும் பயம்தான்" என்று அவன் மதகுச் சுவரில் உட்கார்ந்தான். "பூசை முடிஞ்சா இந்த வழியாத்தான் வரும். பாத்துட்டுப் போலாம்க்கா."

பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவன் அசையவில்லை. சீனுவாசன் இரண்டு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிப் போனது. வெயில் ஏறியது. எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்கு மறந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். மறக்கும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பழம் தட்டுப்பட்டது, மறுபடியும் சாலையைப் பார்த்தான்.

நின்று நின்று கால் கடுத்துப்போய் அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் பட்டது. அவன் கொஞ்ச நேரம் நெளிந்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றான். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அது வந்து பாத்தா மனசு கஷ்டப்படும்."

ஜெசிந்தா எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மாதா கோயில் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.