வட்டத்துக்குள் முகம்

உலர்த்தும் மெஷினிலிருந்து வந்த விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. ஒரு பக்கத்து மூலைகள் இரண்டையும் மூலையக்கா பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்து மூலைகளை நெட்டை பிடித்தாள். இருவரும் சேர்ந்து ஒரு உதறு உதறினார்கள். விரிப்பு காற்றை வாங்கி எழும்பி, ஆவிக்குள் கொஞ்ச நேரம் மிதந்து, அவசரமே இல்லாமல் இறங்கியது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. மெஷின்கள் ஆறும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதிதான் காதில் விழும். ஆவியில் விளக்குகளெல்லாம் கரைந்து, ஏழெட்டு நிலா ஒன்றாகக் காய்வதுபோல் இருக்கும். அவள் மடித்தால் மூலையோடு மூலை நூல் பிசகாமல் உட்காரும் என்பதால் அவளுக்கு மூலையக்கா என்று பெயர். நெட்டைக்குப் பெயர் வந்த காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நெட்டையின் ஏப்ரனில் நெஞ்சுப் பை ஒன்று உண்டு. அதில் அவளுடைய போன். ஆளுக்கொரு காதில் ஒயர் இல்லாத இயர்போன். போனுக்குள் இங்கிலீஷ் சொல்லித் தரும் ஒரு பெண் குரல் குடியிருந்தது. அதற்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வாட் டூ யூ டூ எவ்ரி மார்னிங்?" என்று கேட்டாள் டீச்சரம்மா.

கேள்வி காதில் விழும். ஆனால் பதிலை அந்த இரைச்சலில் தூரத்திலிருந்து சொன்னால் போனுக்குக் கேட்காது. ஆகவே மூலையக்கா விரிப்பின் மூலைகளோடு நாலடி முன்னால் வந்தாள். மூலைகளை நெட்டையின் கையில் சேர்க்கும்போதே அவள் நெஞ்சுப் பைக்குள் குனிந்து, "ஐ ஃபோல்ட் ஷீட்ஸ்" என்றாள்.

போன் கிணுகிணுத்தது. "வெரி குட்!"

"பாத்தியாக்கா, பதினோரு வருஷத்துல இந்தக் கூடத்துல நம்மளப் பாராட்டுன ஒரே ஆளு இவதான்."

"போடி. தெனம் உன் பைக்குள்ள குனிஞ்சு பேசறேன். பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"ரகசியம் பேசறாளுங்கன்னு நெனைப்பான். நெனைச்சுட்டுப் போறான்."

மூலையக்கா கீழே தொங்கிய மடிப்பை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள். அடுத்த கேள்வி வந்தது. மறுபடி நாலடி முன்னால். ஒரு விரிப்புக்கு மூன்று பதில். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. எட்டு மாதமாக இப்படித்தான் நடந்தது படிப்பு.

பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாவதைத் தாண்டவில்லை. இங்கிலீஷ் எழுத்துகளைப் போனில் படம் பார்த்து, விரலால் தடவித் தடவித்தான் பழகினாள். அது வீண் போகவில்லை. வெளுக்கும் மருந்து வருகிற கேனின் மேல் பொடி எழுத்தில் என்னமோ ஒட்டியிருக்கும். கையுறை போடாமல் தொடக் கூடாது என்று அதில் இருப்பதை அவள்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள். அதுவரை எல்லோரும் வெறுங்கையால்தான் ஊற்றியிருந்தார்கள். மறுநாளே கையுறை வந்துவிட்டது. அன்று கூடத்துப் பெண்கள் ஒன்பது பேரும் அவளைச் சுற்றி நின்று, அந்தக் கேனை என்னவோ கல்யாணப் பத்திரிகை போல மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

ஆனால் நெஞ்சுக்குள் போனதற்குக் கையுறை போட முடியாது. இருமல் ஒரு வருஷமாக நிற்கவில்லை. ஆவியும் மருந்து வாடையும் இனி ஆகாது, வேறு இடம் பாரும்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்றாம் மாடித் துணி அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஜன்னல். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். வார்டுகளிலிருந்து இங்கிலீஷில் போன் வரும்; எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை என்று கேட்டுக் கீழே சொல்ல வேண்டும். அந்த வேலைக்குப் போக ஒரு இங்கிலீஷ் பரீட்சை உண்டு.

அந்த நாற்காலி கனவிலும் வந்தது. விரிப்புகள் மேகமாகி ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகும். அவள் மூச்சு முட்டாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்ட கேள்விக்கெல்லாம் வாயிலிருந்து பதில் வெள்ளை ஆவியாக, வலிக்காமல் வரும்.

"இந்த வயசுல ஏபிசிடியா?" என்று முதலில் சிரித்த புருஷன், இப்போதெல்லாம் அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்து, "இன்னிக்கு எத்தனை வார்த்தை?" என்று கேட்கத் தொடங்கியிருந்தான்.

பரீட்சை அறையில் மேசைமேல் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் அவளை அதன் எதிரே உட்கார வைத்தார்.

"இந்த வட்டம் தெரியுதா? மூஞ்சி அதுக்குள்ளயே இருக்கணும். அது கேக்கும், நீ சொல்லு."

"நீங்க கேக்க மாட்டீங்களா சார்?"

"எனக்கே தடுமாறும்மா. அதான் மெஷின் வாங்கி வச்சிருக்காங்க."

அவர் வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அறை சத்தமே இல்லாமல் இருந்தது. அவளுடைய கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவை சும்மா கிடந்து அவள் பார்த்ததில்லை.

டேப்லெட் கேட்டது. அவளுக்குத் தெரிந்த கேள்விதான். பதிலும் தெரியும். ஆனால் உட்கார்ந்தபடி அது வாய்க்கு வரவில்லை. கேள்வி இரண்டாம் முறை வந்தது. பதில் நாலடி தள்ளி, சுவரோரமாக, அவள் வரட்டும் என்று நிற்பதுபோல் இருந்தது.

அவள் எழுந்தாள். சுவர்வரைக்கும் பின்னால் போனாள். ஏப்ரனின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு நாலடி முன்னால் வந்து, டேப்லெட்டுக்குள் குனிந்து, "எவ்ரி மார்னிங் ஐ ஃபோல்ட் ஷீட்ஸ்" என்றாள்.

அப்புறம் தடையே இல்லை. பின்னால் போகும்போது கேள்வி வந்தது. முன்னால் வரும்போது பதில் வந்தது. கையில் விரிப்பு இல்லை என்பதே மறந்துபோயிற்று. ஆவி சூழ்ந்துகொண்டது போல, எதிரே நெட்டை சிரித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. கடைசிக் கேள்விக்குக் கேட்டதற்கு மேலேயே சொன்னாள்: கேனில் எழுதியிருந்தது, கையுறை, ஒன்பது பெண்கள், எல்லாவற்றையும். ஒரு தடவைகூட இருமவில்லை.

திரை வெளிச்சம் மாறியது. சிவப்பு எழுத்துகள். அவள் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். கேண்டிடேட் நாட் பிரசன்ட். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. பரீட்சைக்கு ஆள் வரவில்லை.

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். "நல்லாத்தாம்மா பேசுனே. வெளிய நின்னு நானே கேட்டேன்."

"அப்ப அதுல நீங்க எழுதிடுங்களேன் சார், நான் இருந்தேன்னு."

"எழுத எடமில்லையே அதுல. நீ வட்டத்த விட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்ட, மூஞ்சி தெரியலன்னதும் அது ஆள் இல்லைன்னு முடிச்சிருச்சு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரலாம்."

"அதுவரைக்கும் மேல யாரு சார்?"

"யாரையும் போட முடியாது. பாஸ் பண்ணவங்களத்தான் போடணும்."

செய்தி கேட்ட நெட்டை போனையே முறைத்தாள். "ஏண்டி டீச்சரம்மா, உக்காந்துக்கிட்டுப் பேசணும்னு சொல்லிக் குடுத்தியாடி நீ?" என்றாள். மூலையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, குனிய வைத்துவிட்டது.

அடுத்த வாரம் வார்டுகளின் போனைச் சலவைக்கூடத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

"உனக்குத்தான் புரியும், கொஞ்சம் பாத்துக்க" என்று சூப்பர்வைசர் ஒரு கார்ட்லெஸ் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். "ட்வென்டி ஷீட்ஸ், எஸ் டாக்டர்" என்றபடி நாலடி முன்னால் போனாள். "ஃபைவ் மினிட்ஸ், டாக்டர்" என்றபடி நாலடி பின்னால் வந்தாள். கையிலிருந்த மூலைகள் விலகவில்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"நல்ல விரிப்பா ஒண்ணு எடுத்துக் குடும்மா. மேல அந்த நாற்காலி சும்மா கெடக்கு. ஜன்னல் வழியா தூசு வருது, மூடி வைக்கணும்."

மூலையக்கா போனைத் தோளில் இடுக்கியபடியே, அடுக்கிலிருந்து வெள்ளையான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நெட்டை மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறினார்கள். விரிப்பு ஆவிக்குள் எழும்பி, மிதந்து, மெல்ல இறங்கியது. மூலையோடு மூலை, நூல் பிசகாமல் மடித்துக் கொடுத்தாள்.